இடது பக்கத்துக் காலண்டர்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
28 நவம்பர் 2024

அண்ணா,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பிலும் செய்துவிட்டாய். மன்னிக்குப் போன் போட்டால், "உங்கண்ணா குளிச்சிண்டிருக்கார்" என்கிறாள். ஒரு மனுஷன் பத்து நாளாகக் குளிக்க முடியாது. வித்துராவில் தபால்காரர் இருக்கிறார். அவரை பிளாக் செய்ய இன்னும் யாரும் பட்டன் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே கடிதம்.

முதலில் மன்னிப்பு. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும். ஹாலில் இடது சுவரில் மாட்டியிருந்த பத்மநாபசுவாமி காலண்டரை உனக்குத் தெரியாமல் கழற்றி வைத்தது என் தப்பு. எட்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒன்பதாம் நாள் அம்மாவையும் கைலாஷ் சித்தப்பாவையும் வைத்துக்கொண்டு, "அண்ணா, அந்த சுவத்துல என்ன இருக்கு?" என்று கேட்டேன் பார், அதுதான் மகா தப்பு. நீ தலையைக்கூடத் திருப்பவில்லை. "காலண்டர். ஏன், உனக்குத் தெரியலையா? நான் பார்த்துண்டுதானே இருக்கேன்" என்றாய். நான் உன் தலையைத் திருப்பி வெறும் ஆணியைக் காட்டினேன். சித்தப்பா சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மன்னி ஸ்கூல் வேலைக்காக வித்துராவில் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நான் கண் பரிசோதிக்கிறவள். உன்னை ஜெயிப்பதற்காக அதைச் செய்யவில்லை. விபத்தில் உன் மூளையின் வலது பின்பக்கம் அடிபட்டதால், இரண்டு கண்ணும் நன்றாக இருந்தும் இடது பாதி உலகம் உனக்கு வந்து சேர்வதில்லை. அந்த இடம் கறுப்பாகவா இருக்கிறது உனக்கு? இல்லை. நம் வீட்டில் அங்கே காலண்டர் இருக்கிறது. ஏனென்றால் முப்பது வருஷமாக அங்கே காலண்டர் இருந்தது. கண் கொண்டுவராததை நினைவு கொண்டுவந்து வைத்துவிடுகிறது, நீயும் பார்த்தேன் என்கிறாய். பொய் சொல்லவில்லை நீ. அதைத்தான் காட்ட நினைத்தேன். எல்லோர் முன்னாலும் காட்டியிருக்க வேண்டாம்.

இதோடு மன்னிப்புப் படலம் முடிந்தது. வன்னியராஜ் விஷயத்தில் மன்னிப்பெல்லாம் கிடையாது. ஜனவரி 23ஆம் தேதி கூண்டில் ஏறி, "என் அண்ணாவை இடித்த பெட்டி ஆட்டோவிலிருந்து இறங்கியவன் இவன்தான்" என்று நான் சொல்லப்போவதில்லை. எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறப்போகிறேன்.

ஜானவி

வித்துரா
5 டிசம்பர் 2024

சௌ. ஜானவிக்கு,

ஆசீர்வாதம் மேல் உத்தரவு வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

செக்ரட்டேரியட்டில் பதினேழு வருஷம் மலையாளத்தில் குறிப்பு எழுதிய கை இது. தமிழ் கொஞ்சம் கரகரக்கும், பொறுத்துக்கொள். ஃபைலை முதலிலிருந்து படிப்பதுதான் என் வழக்கம். படிக்கிறேன், கேள்.

2023 ஜூன் எட்டாம் தேதி, சாயங்காலம் ஆறரை, மழை. அட்டக்குளங்கரையில் அண்ணனும் தங்கையும் ரோட்டைத் தாண்டுகிறார்கள். நீலப் படுதா போட்ட பெட்டி ஆட்டோ அண்ணனை அடித்துத் தள்ளுகிறது. டிரைவர் இறங்குகிறான், தங்கையை நேருக்கு நேர் பார்க்கிறான், திரும்ப ஏறி ஓடிவிடுகிறான். பதினோராம் நாள் ஸ்டேஷனில் எட்டு போட்டோ காட்டுகிறார்கள். தங்கை ஐந்தாவது போட்டோவில் விரல் வைக்கிறாள். பேர் வன்னியராஜ், ஊர் களக்காடு பக்கம், ஆரியசாலையில் லோடு ஓட்டுகிறவன். அன்று சாயங்காலம் நெடுமங்காட்டுக்கு லோடு போனதாகச் சொல்கிறான், அதற்குச் சாட்சி இல்லை. தங்கை மாஜிஸ்ட்ரேட் முன்னால் சத்தியம் பண்ணி வாக்குமூலம் கொடுக்கிறாள். "சாகற வரைக்கும் அந்த மூஞ்சி மறக்காதுண்ணா" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். இதெல்லாம் ஃபைலில் இருக்கிறது. பதினாறு மாசம் கழித்து அதே தங்கைக்கு ஞானோதயம் வந்ததற்கு ஃபைலில் ஒரு காகிதமும் இல்லை.

போன அக்டோபரில் அவன் பெண்டாட்டி உன் கிளினிக்குக்கு வந்தாளாம், அம்மா சொன்னாள். கண்ணீர் விட்டாளா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாளா? நீ இளகிவிட்டாய். எனக்காக யாரிடம் போய் அழுவது?

உன் வாக்குமூலத்தைத் தவிர இந்தக் கேஸில் வேறொன்றும் இல்லை என்று உனக்குத் தெரியும். நீ பின்வாங்கினால் என்னை இடித்தவன் யாரும் இல்லை என்று ஆகும். நான் சும்மா போய் ரோட்டில் விழுந்தேன் என்று ஆகும். பாதி உலகத்தை என்னிடமிருந்து ஒருவன் பிடுங்கிக்கொண்டு போனான் ஜானவி. அவனுக்கு ஒரு முகம் வேண்டும் எனக்கு. அதையும் நீ பிடுங்காதே.

'கண்ணால் காண்பதும் பொய்' என்று ஆரம்பிக்கும் பழமொழியைப் பதிலில் எழுதுவதாக இருந்தால் ஸ்டாம்ப்பை மிச்சப்படுத்து.

பட்டாபி

ஸ்ரீவராகம்
11 டிசம்பர் 2024

அண்ணா,

பழமொழி எழுதவில்லை. ஆனால் ஃபைலில் இல்லாத காகிதத்தை இப்போது சேர்க்கிறேன்.

செண்பகவல்லி அழவில்லை. குழந்தையும் கொண்டுவரவில்லை. புருஷனுடைய கண்ணாடியின் ஒரு பக்கம் ஒடிந்துவிட்டது என்று சரிசெய்ய வந்தாள். கூடவே ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்தாள். ஆரியசாலையில் டிரைவர்களுக்கும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுக்கும் நாங்கள் போட்ட இலவசக் கண் பரிசோதனை முகாமின் அட்டை. தேதி 14 மே 2023. கீழே என் கையெழுத்து. "எக்கா, நீங்கதான அன்னிக்கு அவுகளப் பாத்தீங்க? ரெண்டு மட்டம் மாத்தி மாத்திக் கண்ணாடி போட்டுப் பாத்தாகன்னு வீட்ல வந்து சொன்னாக" என்றாள். அந்தக் கேஸில் சாட்சி நான்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

யோசித்துப் பார். விபத்துக்கு இருபத்தைந்து நாள் முன்னால், அந்த முகத்தை ஒரு சாண் தூரத்தில் பத்து நிமிஷம் பார்த்திருக்கிறேன். நூற்றிருபது பேரைப் பார்த்த நாள் அது. பேர் நிற்கவில்லை, இடம் நிற்கவில்லை, முகம் மட்டும் எங்கேயோ தங்கிவிட்டது. அப்புறம் அட்டக்குளங்கரையில் மழைக்குள் மூன்று விநாடி ஒருவனைப் பார்த்தேன். நீ ரத்தத்தில் கிடக்கிறாய். அந்த மூன்று விநாடியில் என் கண் என்ன கொண்டுவந்திருக்கும்? ஒரு தலை, நனைந்த சட்டை, அவ்வளவுதான். ஸ்டேஷனில் எட்டு போட்டோவில் ஒன்று மட்டும் தெரிந்த முகமாக இருந்தது. தெரிந்த முகம் என்றதும் அவன்தான் என்று விரல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மழையை எப்போது நினைத்தாலும் அவன் முகத்தோடுதான் வருகிறது.

முகாமில் ஒரு தொந்தரவு உண்டு. எழுத்து அட்டை சுவரில் ஒன்றே ஒன்று. வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் இருப்பவன் உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கேட்டே கடைசி வரியைப் பாடம் பண்ணிவிடுவார்கள். அவர்கள் முறை வரும்போது கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று முதல் வருஷம் கோபப்பட்டேன். பாவம், அவர்களுக்கு அந்த எழுத்து உண்மையாகவே தெரிகிறது. அதனால்தான் நாலு பேருக்கு ஒருதரம் நான் அட்டையை மாற்றுவேன். மாற்றின உடனே, "மேடம், இப்ப மங்கலா இருக்கே" என்பார்கள்.

ஸ்டேஷனில் எனக்கு யாரும் அட்டையை மாற்றவில்லை. அது அவர்கள் குற்றமில்லை, முகாமைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் நான். தினமும் இதே வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிறவள், பாடம் பண்ணின வரியைக் கோர்ட்டில் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் கடிதம் காகிதத்தின் நடுவில் தொடங்குகிறது. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிட வலது பக்கம் தள்ளிப்போய், கடைசிப் பாராவில் உன் எழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காகிதத்தின் இடது ஓரத்தில் சிவப்பில் கனமாக ஒரு கோடு போட்டுக்கொள். அந்தக் கோடு தெரியும் வரை தலையைத் திருப்பு, அப்புறம் எழுத ஆரம்பி. எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

ஜானவி

வித்துரா
20 டிசம்பர் 2024

சௌ. ஜானவிக்கு,

சிவப்புக் கோடு போடமாட்டேன். ஒன்றாம் கிளாஸ் பிள்ளைக்கு மார்ஜின் போட்டுக் கொடுப்பதுபோல எனக்குச் சொல்லாதே. ஆந்தை மாதிரித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற செக்‌ஷன் ஆபீஸரை எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை, என்னால் அப்படி ஆகவும் முடியாது.

இந்த வீட்டில் நான் நாலு தரம் கதவில் இடித்துக்கொண்டேன். இடது புருவத்தில் பிளாஸ்திரி. சந்தை பஸ் ஸ்டாண்டில் ஒரு வாழைக்குலை மேல் மோதி, கடைக்காரன், "எந்தா சேட்டா, கண்ணு காணான் வய்யே?" என்றான். ஸ்ரீவராகத்தில் ஒரு நாளும் இடித்துக்கொண்டதில்லை. நீ சொல்லும் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. அங்கே சுவர்கள் எனக்கு மனப்பாடம், இங்கே இல்லை. புரிகிறது. அதற்காக உன் மற்ற முடிவுகளையெல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன் சாட்சி இனி தேவையில்லை. எனக்கு நினைவு வந்துவிட்டது.

விபத்து அன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் கண் திறக்கும் வரை எதுவும் நினைவில்லை என்றுதான் இதுவரை எழுதிக் கொடுத்திருந்தேன். இங்கே வந்த பிறகு, பின்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் மழை. அப்புறம் ரோட்டில் ஒரு கன்னம் அழுந்திக் கிடக்கிற குளிர்ச்சி. அப்புறம் என் மேல் குனிந்த முகம். வன்னியராஜ். அவன் கண்ணாடியில் மழைத்துளிகள் வரிசையாக நிற்கின்றன. அதைச் சட்டை நுனியால் துடைக்கிறான். துடைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான். இதை நீ சொல்லி நான் கேட்டதில்லை. விபத்தைச் சொல்லும்போது நீ கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எங்கும் சொன்னதில்லை. ஆகவே இது என்னுடையது.

சர்க்கார் வக்கீலிடம் போனில் சொல்லிவிட்டேன். புது வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன். நீ பின்வாங்கு, நன்றாகப் பின்வாங்கு. அதே கூண்டில் உனக்கப்புறம் நான் ஏறுவேன். அவனுக்கு மூன்று வருஷம் வரை கிடைக்கும் என்கிறார்.

பட்டாபி

ஸ்ரீவராகம்
27 டிசம்பர் 2024

அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு நேரே கிளினிக்குப் போனேன். அன்று எனக்கு லீவு.

முகாமில் எழுதிக் கொடுக்கும் கண்ணாடிகள் தயாரானதும் எங்கள் கிளினிக்குக்கு வந்துசேரும். அவரவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. வன்னியராஜின் கண்ணாடி 2023 மே 30ஆம் தேதி வந்திருக்கிறது. வாங்கிக்கொண்ட தேதி ஆகஸ்டு 9. கையெழுத்து: செண்பகவல்லி. இடைப்பட்ட நாளெல்லாம் அது என் மேஜையின் மூன்றாவது டிராயரில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்திருக்கிறது. அதற்கு முன்னால் அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. முதல் கண்ணாடி என்று அட்டையில் நானே எழுதியிருக்கிறேன்.

ஜூன் எட்டாம் தேதி மழை பெய்தபோது அந்தக் கண்ணாடி என் டிராயரில் இருந்தது அண்ணா. அதில் துளி எப்படி விழும்?

நீ அதை எங்கே பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். போன ஜூலையில், கேஸ் முதல்தடவை வந்த அன்று, கோர்ட் வராந்தாவில். அவன் மழையில் ஓடிவந்து ஏறினான், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான், மறுபடி மாட்டிக்கொண்டு நம்மைப் பார்த்தான். நீ என் கையை இறுக்கிப் பிடித்தாய். அந்த வராந்தாவைத்தான் நீ தூக்கிக்கொண்டுபோய் அட்டக்குளங்கரையில் வைத்திருக்கிறாய்.

உன்னைப் பொய்யன் என்று சொல்லவில்லை. சொன்னால் என்னையும் சொல்ல வேண்டும். உன்னை இடித்தவனுக்கு எனக்கும் ஒரு முகம் வேண்டியிருந்தது. நீ ஐசியூவில் கிடந்த பதினோரு நாளும், யாரையாவது பிடித்துக் கொடுத்தால் நீ எழுந்துவிடுவாய் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எனக்கு. விரல் வைத்த அன்று சாயங்காலமே நீ கண் திறந்தாய். அதனால் அந்த முகம் எனக்கு இன்னும் கெட்டியாகிவிட்டது.

நான் சத்தியம் பண்ணிச் சொன்னதை மாற்றினால் பொய்ச்சாட்சி என்று என் மேலேயே கேஸ் வரலாம் என்று வக்கீல் சொன்னார். "வரட்டுமே சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேலை போனாலும் போகட்டும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லும் நோயாளிகளுக்கு அட்டையை மாற்றும் தைரியம் எனக்கு இருக்கிறது. எனக்கு நானே மாற்றிக்கொள்ளும் தைரியம் இல்லையென்றால் அந்த நாற்காலியில் உட்கார நான் யார்?

நீ கூண்டில் ஏறு. உன்னை நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த ரிஜிஸ்டரையும் கொண்டுவரச் சொல்லி மனு கொடுப்பேன். நீ என் அண்ணன் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன்.

ஜானவி

வித்துரா, 3 ஜனவரி 2025
(தபால் கார்டு)

ரிஜிஸ்டரின் அந்தப் பக்கத்து நகல் அனுப்பு. எழுதியதை நம்புவதற்கு நான் பழக்கப்பட்டவனில்லை, முத்திரையைப் பார்க்க வேண்டும்.

பவர்க் கண்ணாடி தேவைப்பட்டவன் அது இல்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறான். அதனால்தான் என்னை இடித்தான் என்றும் ஆகுமே. யோசித்தாயா?

பட்டாபி

ஸ்ரீவராகம்
7 ஜனவரி 2025

அண்ணா,

நகல் இத்துடன். முத்திரை இருக்கிறது, எங்கள் டாக்டர் ராகேலின் கையெழுத்தும் இருக்கிறது.

யோசித்தேன். ஆகும். அவனுடைய பவர் கொஞ்சம்தான். தூரத்து பஸ் போர்டு படிக்கத்தான் கஷ்டப்பட்டிருப்பான், குறுக்கே வருகிற ஆள் தெரியாமல் போகாது. ஆனாலும் ஆகும். அவனே இடித்திருக்கலாம். இடிக்காமலும் இருக்கலாம். அவன் நல்லவன் என்று சொல்ல நான் கூண்டில் ஏறவில்லை. நான் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் ஏறுகிறேன்.

ஜானவி

வித்துரா
16 ஜனவரி 2025

சௌ. ஜானவிக்கு,

நகல் கிடைத்தது. மூன்று நாள் அதை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் மன்னி விஜயலக்ஷ்மி பயந்துபோய், "தலை வலிக்கறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தலை வலிக்கவில்லை.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதே. பின்கட்டில் உட்கார்ந்து அந்த மழையை வரவழைத்தேன். வந்தது. ரோடு வந்தது, முகம் வந்தது, துளிகள் வந்தன. சரி, கண்ணாடி டிராயரில் இருந்தது என்கிறாளே, அதை மட்டும் கழற்றிவிட்டுப் பார்ப்போம் என்று கழற்றினேன். கண்ணாடியோடு முகமும் கழன்று வந்துவிட்டது. கீழே ஒன்றுமில்லை. மழைகூட இல்லை. எத்தனை தரம் செய்தாலும் அப்படியேதான்.

அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட இப்படி அழவில்லை. பாதி உலகம் போனதற்குக்கூட இல்லை, அந்த வெறுமைக்கு அழுதேன். அங்கே யாருமே இல்லை ஜானவி. யாரோ ஒருவன் திருவனந்தபுரத்திலேயே டீ குடித்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கிக்கொண்டு இருக்கிறான். அவனை நான் ரோட்டில் பார்த்தாலும் தெரியாது. இதோடுதான் இனி இருக்க வேண்டும் என்றால் இருக்கிறேன். பக்கத்தில் கிடைத்த ஒருவனை அங்கே நிறுத்திவைத்துவிட்டுத் தூங்க முடியாது.

உன்னிடம் ஒரு புகார். பொய் என்று தெரிந்தால் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. இதை எழுதும்போதும் அந்தத் துளிகள் வரிசையாக நிற்கின்றன. சாகும் வரை நிற்கும் போலிருக்கிறது. நிற்கட்டும். நிற்பதனால் நடந்ததாகிவிடாது என்று அதனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சர்க்கார் வக்கீலுக்குக் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன்: எனக்கு எதுவும் நினைவில்லை, முன்பு போனில் சொன்னது கோர்ட் வராந்தாவில் கண்டது. "சாருக்கும் தங்கைக்கும் என்னதான் ஆச்சு? கேஸே போயிடும்" என்றார். போகட்டும் என்றேன். உன் மேல் பொய்ச்சாட்சிக் கேஸ் போட்டால், அந்த ஃபைலில் முதல் மறுப்புக் குறிப்பு நான் எழுதுவேன். நான் குறிப்பு எழுதிய ஃபைலை யாரும் லேசில் நகர்த்தியதில்லை.

இந்தக் கடிதம் காகிதத்தின் ஓரத்திலிருந்து தொடங்குவதை நீ கவனித்திருப்பாய். உன் மன்னியின் சிவப்புத் திருத்தும் பேனாவால் கோடு போட்டேன். அது தெரியும் வரை ஒவ்வொரு வரிக்கும் தலையைத் திருப்புகிறேன். ஆந்தைதான். கழுத்து வலிக்கிறது.

ஜூலையில் பார்த்த நினைவின்படி, நான் உட்காரும் பெஞ்சுக்கு இடது பக்கம்தான் கூண்டு. நீ அதில் ஏறும்போது நான் தலையைத் திருப்பிக்கொண்டு இருப்பேன். அங்கே நீ நிற்கிறாய் என்று நினைவிலிருந்து பார்த்துக்கொள்ளமாட்டேன்.

22ஆம் தேதி காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். அம்மாவிடம் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல். ஆசீர்வாதத்தின் மேல் இருந்த தடை நீக்கப்படுகிறது. புது வருஷக் காலண்டரை எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறாய் என்று மட்டும் எழுதாதே. வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணா